மாலை போட்ட படம்

கொழும்பில் அந்த வெளிநாட்டுப் பெண்மணியின் புகைப்படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறார்களாம். கூடவே ஒரு சிறு புத்தகமும் போடுகிறார்கள். பதுளையில் அவர் இருந்த ஒன்பது நாளும் உடன் திரிந்து மொழிபெயர்த்தவன் நான்தான் என்பதால், நினைவில் இருப்பதை நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு படத்தில் இருக்கும் கிழவி யாரென்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், தெரியாவிட்டால் 'கொழுந்து பறிக்கும் பெண்' என்று போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். கென்யாவில் பிறந்தவர், உலகம் அறிந்த கலைஞர், எளிமையானவர், மலையக மக்களை நேசித்தவர் என்று எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குப் போதும். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்துப் போட்டாயிற்று. மலையக மக்களை அவர் நேசித்தாரா என்று எனக்குத் தெரியாது. என்னைச் சரியாகப் பார்த்துவிட்டார் என்பது மட்டும் தெரியும்.

அந்தக் கிழவி என் அம்மா.

அவள் இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் எழுதத் துணிச்சல் வந்திருக்கிறது. கோழைக்கு எப்போது துணிச்சல் வரும் என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டலாம்.

நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், கூலிகளுக்கான வரிசை வீட்டில், பிறந்தவன். பதுளை டவுனில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். என் மனைவி டவுனில் மூன்று தலைமுறையாகப் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். என்னிடம் படிக்க வந்தவள், என்னைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அவளுடைய அப்பா கோபப்படவில்லை. கடையின் பின்னறையில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, நிதானமாகப் பேசினார்.

"தோட்டத்து ஆளுன்றது எனக்கு ஒரு கொறையில்ல தம்பி. படிச்சிருக்கீங்க. ஆனா நாளைக்கு சொந்தம் பந்தம்னு யாரும் கட வாசல்ல வந்து நிக்கக் கூடாது. உங்களுக்கு யார் யாரு இருக்காங்க?"

அப்பா எனக்குப் பத்து வயதிலேயே போய்விட்டார். அம்மா அப்போது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். லயத்தில் அக்கா குடும்பத்தோடு இருந்தாள்.

"யாரும் இல்லீங்க. அம்மாவும் தவறிட்டாங்க," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்துவதற்குப் பன்னிரண்டு வருடம் இருந்தது. நான் திருத்தவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அடுப்புக்கு விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். உடைத்து முடித்துவிட்டு, "சரி தம்பி. நீ நல்லா இருந்தா சரி," என்றாள். அக்கா அன்றிலிருந்து என்னோடு பேச்சை விட்டாள். அக்காதான் சரியான ஆள். மாதத்தில் ஒரு ஞாயிறு பசறையில் எனக்கு வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்கப் போவேன். ஒரு மணி நேரம் இருப்பேன். கலியாணத்துக்கும் அவள் வரவில்லை. செத்தவள் எப்படி வருவாள்?

இனி படம் எடுத்த அந்தப் பெண்மணியைப் பற்றி.

நெடுநெடுவென்று உயரம். ஐம்பது வயது இருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருப்பார். இரும்புப் பெட்டி போல ஒரு பழைய கமெரா. அதில் ஃபிலிம்தான், கறுப்பு வெள்ளைதான். பதுளை பஸ் நிலையத்தில் அவர் இறங்கிய நாளில் ஊரே திரும்பிப் பார்த்தது. கறுப்பினப் பெண் என்பதை இழிவாக, காதுபடவே 'காப்பிலிச்சி' என்றார்கள். முன்கூட்டியே பேசி வைத்திருந்த விடுதியில், முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம், "இவங்களுக்கு ரூம் குடுத்தா மத்த ஆளுங்க வரமாட்டாங்க சார்," என்றார். நான் ஆங்கிலத்தில், அறை எல்லாம் நிரம்பிவிட்டதாம், மன்னிப்புக் கேட்கிறார் என்றேன். அவர் ஏமாறவில்லை. நீங்கள் மரியாதையாக மொழிபெயர்க்கிறீர்கள், நான் உங்களைக் கூப்பிட்டது அதற்கில்லை, அந்த ஆள் சொன்னதைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அவருக்கு வருத்தமில்லை. இந்த வசனத்தைப் பதினொரு நாட்டில் கேட்டிருக்கிறேன் என்றார்.

வேன் என் மச்சானுடையது. மனைவியின் அண்ணன். வாடகை வெளியே போகவேண்டாம் என்று நானே ஏற்பாடு செய்தேன். அது என் புத்திசாலித்தனம்.

முதல் ஏழு நாளும் வேனில் போகும்போதும் வரும்போதும் அவர் தன் கதையைச் சொன்னார். கென்யாவின் மேற்கு மலையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அவருடைய அம்மா கொழுந்து பறித்தவர். இதை அவர் முதல் நாள், முதல் பத்து நிமிடத்தில், என் மச்சானுக்கும் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். மற்றவர்கள் தங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிச் சொல்லும் தோரணையில் சொன்னார்.

பள்ளிக்கூடம் முடித்ததும் சிறு டவுன் ஒன்றில் ஸ்டூடியோ வேலை. அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பது. சிரிக்காதே, காதைக் காட்டு, அடுத்த ஆள் வா. ஆறு வருடம் அதுதான். பிறகு ஒரு பத்திரிகையில் சேர்ந்தார். கலவரம் நடந்த ஊர்களுக்கு அனுப்பினார்கள். பிணங்களைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் முன்பக்கம். ஒரு நாள், அவர் எடுத்துப் பத்திரிகையில் வந்த பிணப் படம் ஒன்றில் இருந்த பையனின் தாய் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். சண்டை பிடிக்க வரவில்லை. தன் மகனுக்கு வேறு படமே கிடையாது, இதையாவது ஒன்று தாருங்கள் என்று கேட்க வந்தாள். ஆசிரியர் காவலாளியைக் கூப்பிட்டார். இவர் இருட்டறையில் பிரதி ஒன்று போட்டு, தெருவுக்கு ஓடிப்போய் அவள் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி உள்ளே போகவில்லை. வேலை அதோடு சரி.

அதற்குப் பிறகு அவர் ஒரு விதி வைத்துக்கொண்டார். யாரைப் பிடித்தாலும் முதல் பிரதி அந்த ஆளுக்குத்தான். அந்த ஆள் கையில் அது சேர்ந்த பிறகே வேறு யாருக்கும் காட்டுவார். தோட்டத்தில் கொழுந்து வெட்டும் இயந்திரம் வந்து அவருடைய அம்மாவுக்கும் அயல்வீட்டுப் பெண்களுக்கும் வேலை போனபோது, அந்தப் பெண்களை ஒவ்வொருவராக இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தார். அந்தப் படங்களைத்தான் ஐரோப்பாவில் பெரிய பெரிய சுவர்களில் மாட்டினார்கள். விருது கொடுத்தார்கள். ஒரு பணக்காரப் பெண்மணி, அவருடைய அம்மாவின் படத்தைக் காட்டி, அந்தத் தாயின் முகத்தில் எப்படி இவ்வளவு சோகத்தைக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாளாம். நான் கொண்டுவரவில்லை, கம்பனி கொண்டுவந்தது என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை. தேயிலை விளையும் நாடுகளுக்கெல்லாம் போவது என்று அப்போது கிளம்பியவர், அசாமில் இரண்டு மாதம் இருந்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார்.

எந்தத் தோட்டத்துக்குப் போகலாம் என்று என்னிடம்தான் கேட்டார். நான் பசறைக்கு எதிர்த் திசையில், ஹாலிஎலப் பக்கமே கொண்டு திரிந்தேன். பசறை வீதி மோசம், மண்சரிவு, அட்டைக்கடி என்று சொல்லிப் பார்த்தேன். ஏழாம் நாள் அவரே வரைபடத்தைப் பார்த்து, பசறைக்குப் போகலாம் என்றார்.

எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தால்தானே ஆபத்து, வீதியோடு போய் வீதியோடு வந்துவிடலாம் என்று நினைத்தேன். நான் மறந்தது ஒன்று. அம்மாவுக்குத் தோட்டத்தில் வயதாகிவிட்டது என்று பேர் வெட்டியிருந்தார்கள். வீதியோரச் சிங்களக் கிராமத்தில், ஒருவருடைய சிறு தேயிலைக் காணியில் அவள் நாட்கூலிக்குப் பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு வளைவில் அவர் "நிறுத்துங்கள்" என்றார். மேலே மூன்று பெண்கள். இரண்டு பேர் கிராமத்துச் சிங்களப் பெண்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. மூன்றாவது ஆள் இடுப்பில் படங்கை, அந்த முரட்டுச் சாக்குத் துணியை, சுற்றிக்கொண்டு, தலையில் கூடைக் கயிறு போட்டு, குனிந்திருந்தாள். குனிந்த முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

அவர் நேராக அவளிடம்தான் போனார். நான் பின்னால் ஏறினேன். மச்சானும் வேனைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்க ஏறி வந்தான். அம்மா நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வந்த ஆளைப் பார்த்தாள். அவனை அவள் பார்த்ததே இல்லை. கழுத்துச் சங்கிலியையும் சட்டையையும் பார்த்து என்ன புரிந்துகொண்டாளோ, தலையில் கிடந்த துணியைச் சரி செய்துகொண்டு, "வாங்க சார்," என்றாள்.

என்னைத்தான். 'சார்' என்று.

நான் வாய் திறக்க வேண்டிய இடம் அதுதான். ஒரு சொல் போதும். மச்சான் இரண்டு முழம் தள்ளி நின்றான். நான், "இந்தம்மா வெளிநாட்டுல இருந்து வந்திருக்காங்க. உங்கள ஒரு படம் புடிக்கலாமான்னு கேக்குறாங்க," என்றேன்.

"என்னத்தையா புடிக்கப்போறாங்க, இந்தக் கோலத்துல? சொல்லியிருந்தா ஒரு நல்ல சேல கட்டிட்டு வந்திருப்பேனே சார்."

பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அவர் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"ஒரு மக இருக்கா சார். அவ மட்டுந்தான்."

ஒரு மகள் மட்டும் என்று மொழிபெயர்த்தேன். அந்த ஒன்பது நாளில் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் நான் மொழிபெயர்த்தது அந்த ஒன்றைத்தான்.

அவர் கமெராவை வைத்து உயரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா சட்டென்று குனிந்து, என் காற்சட்டை மடிப்பில் ஏறிக்கொண்டிருந்த அட்டையை இரண்டு விரலால் பிடுங்கி, உருட்டி, தூர எறிந்தாள். பள்ளிக்கூடம் போகும் காலத்தில் தினமும் செய்தது. கை தானாகச் செய்துவிட்டது. செய்த பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கையைப் படங்கில் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் கமெரா 'கிளிக்' என்றது.

அவர் இரண்டாவது படம் எடுக்கவில்லை. பிரதி ஒன்று அனுப்புவேன் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். "அனுப்புவாங்களாம்," என்றேன். அம்மா, "மெய்யாவா சார்?" என்றாள். வேனில் ஏறியதும் அவர் கமெராவைப் பைக்குள் வைத்து மூடினார். பதுளை நெருங்கும்போது, உங்கள் அம்மா என்ன செய்கிறார் என்று மெதுவாகக் கேட்டார். மச்சானுக்கும் கொஞ்சம் ஆங்கிலம் புரியும். இறந்துவிட்டார் என்றேன். அவர் தலையசைத்தார். அதற்கு மேல் தன் கதை எதையும் அவர் எனக்குச் சொல்லவில்லை. மீதி இரண்டு நாளும் வேலை விஷயம்தான் பேசினார்.

நாலு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. நான் வகுப்பில் இருந்தேன். மனைவி பிரித்துவிட்டாள். நான் வீட்டுக்குப் போனபோது படம் மேசைமேல் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அம்மா படத்துக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கீழ் மூலையில் ஒரு சப்பாத்தின் நுனி. என்னுடையது. பின்பக்கம் ஆங்கிலத்தில் ஒரு வரி: 'தாய்க்கு, மகன் கையால்.'

"என்னங்க, மாமியா இது?" என்று கேட்டாள் மனைவி. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "எங்கருந்து கெடச்சிச்சு? ஒரு படம்கூட இல்லன்னு சொன்னீங்களே."

அம்மா பசறையில் இருக்கிறாள், வா, போய்ப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தபோது அவள் வந்திருப்பாள் என்றுதான் தோன்றியது. நான் பயந்தது அவளுக்குக்கூட இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு என்ன பதில் சொல்வது என்பதற்கு. "என் பழைய புத்தகத்துக்குள்ள சின்னப் படம் ஒண்ணு கெடந்துச்சு. அந்தம்மாதான் பெருசாக்கி அனுப்பியிருக்காங்க," என்றேன். கறுப்பு வெள்ளை எனக்குக் கைகொடுத்தது.

அவள் அதைச் சட்டம் போட்டு, முன்னறையில் மாட்டினாள். சாமியறையில்கூட இல்லை, வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி முன்னறையில். கண்ணாடியில் குங்குமம் வைத்தாள். சந்தன மாலை போட்டாள். சின்ன மின்விளக்கு ஒன்றும். உயிரோடு இருக்கிற ஆளின் படத்துக்கு மாலை போட்டால் ஆயுசு குறையும் என்று எங்கள் லயத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த நேரத்தில் அம்மா எட்டு மைலுக்கு அப்பால் கொழுந்து நிறுத்துக்கொண்டிருப்பாள். நான் ஆணி அடித்துக் கொடுத்தேன்.

மச்சான் வந்தபோது படத்தின் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எங்கயோ பாத்த மொகம் மாதிரி இருக்கே மச்சான்."

"தோட்டத்துப் பொம்பளைங்க எல்லாம் ஒரே மாதிரிதானே இருப்பாங்க," என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். அவன் ஒத்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தான்.

ஒவ்வொரு மாத ஞாயிறும் அம்மா கேட்பாள். "அந்தம்மா படம் அனுப்புறேன்னாங்களே, வந்துச்சா தம்பி?" வரவில்லை என்பேன். "அவங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும். மறந்திருப்பாங்க," என்று அவரை விட்டுக்கொடுக்காமல் பேசுவாள். கென்யாவிலிருந்தும் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரே வரி. அம்மாவுக்குப் படம் பிடித்ததா? மிகவும் பிடித்தது, அழுதுவிட்டார் என்று பதில் போட்டேன். அந்தப் பதிலை நம்பித்தான் அவர் படத்தை வெளியே காட்டினார். அவருடைய ஒரே விதியையும் என் கையால் உடைத்தேன்.

அந்தத் தீபாவளிக்கு மனைவி மாமிக்குப் படையல் போட்டாள். செத்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைத்து, பிறகு அதை வயதான ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். கடையிலேயே நல்லதாகப் பார்த்து, கத்தரிப்பூ நிறத்தில், தங்கக் கரை போட்ட சேலை ஒன்றை எடுத்து வந்தாள். படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். பிறகு மடித்து என் கையில் தந்தாள்.

"பசறைக்கு வகுப்புக்குப் போறப்ப, அங்க தோட்டத்துல யாராச்சும் வயசான அம்மாவுக்குக் குடுத்துடுங்க. மாமி வயசுல இருந்தா நல்லது."

கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பது? அவள் மடியில் வைத்துக் கரையைத் தடவிப் பார்த்தாள்.

"இவ்வளவு நல்ல சேல. மருமகளா எடுத்துச்சு?"

"ஆமாம்மா."

"எனக்குன்னா எடுத்துச்சு?"

"ஒனக்குன்னுதான் எடுத்தா."

பொய் இல்லை. அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. மருமகளுக்குத் தன்னைத் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டாள் போலிருக்கிறது. முகம் அப்படி இருந்தது. உள்ளே போய் முகம் கழுவி, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, லயத்து வாசலில் வந்து நின்றாள்.

"அந்தம்மா படந்தான் வரல. நீ ஒன் ஃபோன்ல ஒண்ணு புடிப்பா. அன்னிக்கு படங்கோட நின்னுட்டேன். இத மருமககிட்ட காட்டு. நான் கட்டிக்கிட்டேன்னு அது பாக்கட்டும்."

பிடித்தேன். கையிரண்டையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, நேராக, கமெராவைப் பார்த்து நின்றாள். காட்டினேன். ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கேன்," என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் ஃபோனை என் மனைவி எடுத்துப் பார்ப்பாள். ஒளித்துப் பார்ப்பதில்லை, பிள்ளைகளின் படங்களைப் பார்க்க எடுப்பாள். அந்தச் சேலையை அவளுக்குத் தெரியும். அந்த முகத்துக்குத் தினமும் விளக்குப் போடுகிறவளும் அவள்தான். பதுளைக்கு இன்னும் நாலு வளைவு இருக்கும்போது படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். அழிக்கவா என்று ஃபோன் கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன்.